நங்கூரம் குத்திய வெள்ளி

பழைய கஃப்லிங்க் ஜோடியின் மதிப்பைத் தராசு சொல்லாது. அதன் முதுகைப் படிக்க வேண்டும். பர்மிங்ஹாமின் நகைக்காரத் தெருக்களில் அந்தப் பாடம் கிடைக்கிறது.

பர்மிங்ஹாம் இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கிறது. கடல் வெகு தூரம். ஆனால் இந்த ஊரில் மாற்றுப் பார்த்துத் தேறிய வெள்ளிச் சாமானில் ஒரு நங்கூரம் பதிந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். சொந்தமாக ஒரு சோதனை அலுவலகம் வேண்டும் என்று மனுப் போட பர்மிங்ஹாம்காரர்களும் ஷெஃபீல்டுகாரர்களும் லண்டன் போனார்களாம். 'கிரவுன் அண்ட் ஆங்க்கர்' என்ற விடுதியில் தங்கியவர்கள் காசைச் சுண்டிப் பார்த்து கிரீடத்தையும் நங்கூரத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்களாம். கதை உண்மையோ பொய்யோ, சட்டம் 1773ல் வந்தது. கிரீடம் ஷெஃபீல்டுக்குப் போனது. 1975 முதல் அந்த ஊரின் முத்திரை ரோஜா. பர்மிங்ஹாம் மட்டும் இன்றுவரை நங்கூரத்தை விடவில்லை.

மனுவுக்குப் பின்னால் இருந்தவர் மாத்யூ போல்டன் - பிற்காலத்தில் ஜேம்ஸ் வாட்டுடன் சேர்ந்து நீராவி எஞ்சின் விற்றவர். பொத்தான், பக்கிள் செய்யும் குடும்பம் அவருடையது. வெள்ளியில் இறங்கியபோது ஒவ்வொரு சாமானையும் முத்திரைக்காக செஸ்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வண்டியில் போய்த் திரும்புவதற்குள் வேலைப்பாடு நசுங்கியது. சட்டம் வந்த பிறகு, அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஒரு விடுதி அறையில் பர்மிங்ஹாம் அலுவலகம் திறக்கப்பட்டது. முதல் வாடிக்கையாளர் போல்டனின் நிறுவனம்தான்.

நகரின் மையத்திலிருந்து நகைக்காரர் பேட்டையான ஜுவல்லரி குவார்ட்டருக்கு நடந்தே போய்விடலாம். வைஸ் ஸ்ட்ரீட், வார்ஸ்டோன் லேன், நாற்சந்தியில் ஜோசப் சேம்பர்லெய்ன் பெயரில் 1903ல் நிறுவிய இரும்புக் கடிகாரம். செங்கல் வீடுகள் பலவற்றின் பின்கட்டு பட்டறையாக மாறிய தெருக்கள் இவை. வைஸ் ஸ்ட்ரீட்டில் 1981ல் கதவடைத்த ஸ்மித் அண்ட் பெப்பர் நகைப் பட்டறை, 1992 முதல் அருங்காட்சியகம். அரங்கள், அச்சுக்கட்டைகள், தேநீர்க் கோப்பைகள் எல்லாம் விட்டது விட்டபடி இருக்கின்றன. ராவிய தூள் சிந்தாமல் பிடிக்க வேலை மேஜைக்கடியில் தோல் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

பொத்தான் செய்த ஊர் கஃப்லிங்க் செய்யத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை. 19ஆம் நூற்றாண்டில் கஞ்சி போட்டு விறைத்த சட்டைக் கைக்குச் சாதாரணப் பொத்தான் போதவில்லை. சட்டைக் கையின் இரு ஓரங்களையும் இணைக்க ஒரு ஜோடி வெள்ளித் தகடும் நடுவே சங்கிலியும் பரவலாயின. 1786ல் தொடங்கிய டீக்கின் அண்ட் ஃபிரான்சிஸ் இன்றும் இந்த ஊரில் கஃப்லிங்க் செய்கிறது.

இனி முதுகைப் பார்க்கலாம். தேவை, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ். பழைய பர்மிங்ஹாம் ஜோடியில் நான்கு முத்திரைகள் இருக்கும். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் - ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் சோதித்த ஊரைச் சொல்லும். இரண்டு மூன்று எழுத்துகள் சரக்கை அனுப்பியவரின் அடையாளம். அவரே செய்தார் என்று பொருளல்ல. தனி எழுத்து ஒன்று ஆண்டைக் குறிக்கும்.

அந்த ஆண்டெழுத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்து வரிசை முடிந்ததும் மறுபடி 'ஏ'யில் தொடங்கும். எழுத்தின் வடிவமோ சுற்றியுள்ள கேடயமோ மாறியிருக்கும். இரண்டையும் அட்டவணையோடு ஒப்பிடாமல் ஆண்டு சொல்ல முடியாது. 1975க்கு முன் எழுத்து ஆண்டின் நடுவில் மாறியதால் ஒரே எழுத்து இரண்டு ஆண்டுகளைத் தொடும். 1999 முதல் சிங்கமும் ஆண்டெழுத்தும் கட்டாயமில்லை. மூன்று கதிர்க்கட்டும் வாளும் இருந்தால் செஸ்டர். ஆனால் பர்மிங்ஹாம்காரர்கள் பலர் அங்கும் சரக்கு அனுப்பினார்கள். செஸ்டர் அலுவலகம் 1962ல் மூடப்பட்டது.

நேர்மைக்கு முத்திரை குத்திய இதே ஊர்தான் கண்ணை ஏமாற்றும் வித்தையையும் தந்தது. மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூச எல்கிங்டன் நிறுவனத்தார் 1840ல் காப்புரிமை பெற்றார்கள். 'ஈ.பி.என்.எஸ்.' என்ற எழுத்துகள் முலாமைக் குறிக்கும். அவற்றையும் குட்டிக் கேடயங்களுக்குள் அடித்தார்கள். அவசரக் கண்ணுக்கு ஹால்மார்க் போலவே தெரியும். உள்ளே இருப்பது நம் 'ஜெர்மன் சில்வர்' - செம்பு, நிக்கல், துத்தநாகம். ஓரம் தேய்ந்த இடத்தில் மஞ்சளோ சாம்பலோ எட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

நங்கூரமும் சிங்கமும் இல்லாததெல்லாம் போலி அல்ல. அமெரிக்கச் சரக்கில் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்தான் தரத்தைச் சொல்லும். அது தயாரித்தவர் தரும் வாக்கு. பிரிட்டிஷ் இந்தியாவில் லண்டன், பர்மிங்ஹாம் போலச் சோதனை அலுவலகம் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ், தெய்வ உருவங்கள் புடைத்த 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளிக்குப் பேர்போனது. அதில் கடையின் பெயர்தான் அத்தாட்சி. அந்தப் பெயருக்கே இன்று தனி விலை உண்டு.

விலை எப்படி அமைகிறது? 12 கிராம் எடையுள்ள ஸ்டெர்லிங் ஜோடியில் சுத்த வெள்ளி 11.1 கிராம்தான். அதற்கான காசு அடித்தளம். அதற்கு மேல் எல்லாமே மற்ற அம்சங்கள். நான்கு முகங்களும் ஒரே ஆண்டா? எனாமல் விரிசல் இல்லாமல் இருக்கிறதா? சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சங்கிலியில் ஈயப் பற்று தெரிகிறதா? பழைய கோட் பொத்தானில் பின்னால் கம்பி வைத்துக் கஃப்லிங்க் ஆக்கியதா? அசல் பெட்டி உண்டா? செய்தவர் யார்? கோபன்ஹேகனின் ஜார்ஜ் ஜென்சன் பெயர் இருந்தால் எடைக் கணக்கே அடிபட்டுப் போகும். முன்னாள் சொந்தக்காரரின் பெயரெழுத்து செதுக்கியிருந்தால் பெரும்பாலும் விலை குறையும். அவர் பிரபலமானவர் என்று நிரூபித்தால் ஏறும். பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். கறுப்புக்கு நல்லெண்ணம் காட்டுவது நல்லது - அது போகும்போது முத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டி 1980ன் சாதனையை முறியடித்தது. விலை இப்படி ஏறும்போதெல்லாம் உருக்கு அடுப்புக்கு வேலை அதிகம். தாத்தாவின் கோட் பையிலிருந்து கிடைத்த ஜோடியைக் கடைக்காரர் தராசில் போட்டு, தேய்மானம் கழித்து ஒரு தொகை சொல்வார். அவர் ஏமாற்றவில்லை; அவர் வாங்குவது உலோகத்தை. அரிசிமணி அளவுகூட இல்லாத அந்த நான்கு முத்திரைகளும் யார், எங்கே, எப்போது என்று சொல்லக் காத்திருக்கின்றன. அடுப்பில் அவை மறைய சில நிமிடம் போதும். தராசில் வைப்பதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.