கழித்தல் குறியிட்ட சொற்கள்

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், குறுந்தொகைக்குச் சொல்லடைவு ஒன்று தயாரிக்க எண்ணிக் கணிப்பொறித்துறை மாணவர் ஒருவரின் உதவியை நாடினேன். "மொத்தம் எத்தனை சொற்கள் வரும் ஐயா?" என்று கேட்டார். நானூற்றுச் சொச்சம் பாடல்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள். மனக்கணக்காகப் பத்தாயிரம் என்றேன். டர்போ சி-யில் நிரல் எழுதித் தந்தார். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில்தான் தட்ட வேண்டியிருந்தது. அந்தப் புலம்பல் இங்கே வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசை எண். அடுக்குவதும் தேடுவதும் அதைக் கொண்டே.

குறுந்தொகை முடிந்தும் ஆசை அடங்கவில்லை. அவரிடம் சொல்லாமலேயே அகநானூற்றையும் சேர்க்கத் தொடங்கினேன். 13 முதல் 31 அடி வரை நீளும் பாடல்கள். ஒரு நாள் அச்செடுத்துப் பார்த்தால், முதல் பக்கத்தில் குறுந்தொகையைக் காணோம். அகநானூற்றின் பிற்பகுதிச் சொற்கள் கழித்தல் குறியோடு நின்றன. 32767-க்கு அடுத்த சொல்லின் எண் -32768. மாணவரை அழைத்துக் கடிந்துகொண்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். டர்போ சி-யில் ஒரு முழு எண்ணுக்கு 16 கட்டங்கள். அவற்றில் 65536 எண்களைக் குறிக்கலாம், பாதி குறை எண்களுக்குப் போய்விடும். மரக்கால் நிறைந்தால் நெல் வழியும், கண்ணுக்குத் தெரியும். இங்கே வழிவதில்லை. எண் ஓசையின்றிக் கீழ்முனைக்குத் தாவிவிடுகிறது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து எழும்பிய ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டைப் பற்றி அதன் பிறகே படித்தேன். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண் 16 கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அங்கே எண் தாவவில்லை, கணிப்பொறியே நின்றது. மாற்றாக வைத்திருந்ததிலும் அதே நிரல், அதுவும் நின்றது. கிளம்பிய 40 நொடிகளுக்குள் ராக்கெட் சிதறியது, நான்கு செயற்கைக்கோள்களோடு. நிரலின் அந்தப் பகுதி ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு வளர வழியில்லை. எழும்பிய பின் ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

பத்தாயிரம் என்று சொன்னவன் நான். அகநானூற்றைச் சேர்த்தவனும் நானே.

அன்று மாணவர் எண்ணின் வகையை 'லாங்' என மாற்றிக் கொடுத்தார். எல்லை 2147483647-க்கு உயர்ந்தது. கடிந்துகொண்டதற்கு நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. அப்போது அது தோன்றவே இல்லை. கிளம்புமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: "புறநானூறும் உண்டா ஐயா?"