சொட்டணும், ஒழுகக் கூடாது

தலைப்பைப் பார்த்துட்டு வீட்டுக் குழாய் ரிப்பேர்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான். ஆனா குழாய் இருக்கறது நடுக்கடல்ல :-)

காட்டாங்குளத்தூர்ல உட்கார்ந்துக்கிட்டு படகைப் பத்தி எழுத உனக்கு என்ன யோக்கியதைன்னு கேக்கலாம். எங்க ஊருல தண்ணின்னா ஏரி, இல்லாட்டி லாரி. ஆனா அம்மா பொறந்த ஊர் காசிமேடு. மாமாவுக்கு அங்க ஒரு விசைப்படகுல பாதிப் பங்கு. எனக்குச் சோறு போடறது மறைமலை நகர்ல ஒரு கம்பெனியில பம்பு, மோட்டார், பைப்லைன் பராமரிப்பு வேலை. இந்த ரெண்டையும் சேர்த்தா படகோட ஷாஃப்ட் கசிவுல நான் மூக்கை நுழைக்க ஒரு சின்ன உரிமை கிடைச்சுடுது.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். இன்ஜின் படகுக்குள்ள இருக்கு. ப்ரொபெல்லர் வெளியே தண்ணியில இருக்கு. ரெண்டையும் இணைக்கற ஷாஃப்ட் படகோட உடம்பை ஓட்டை போட்டுக்கிட்டுத்தான் வெளியே போகணும். அந்த ஓட்டை தண்ணி மட்டத்துக்குக் கீழே. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான சுத்து சுத்திக்கிட்டே இருக்கும், அதனால ஓட்டையை இறுக்கி அடைக்கவும் முடியாது. அடைச்சா ஷாஃப்ட் சுத்தாது, அடைக்காட்டி படகு மிதக்காது.

வெளியே தொங்குற இன்ஜின் வச்ச படகுகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சுனாமிக்கு அப்புறம் நம்ம கடற்கரை முழுக்க வந்த ஃபைபர் படகுகளைப் பாருங்க, நீளமான ஷாஃப்ட் பின்பக்கமா மேலேயே போய்த் தண்ணிக்குள்ள இறங்கும். ஓட்டையே வேணாம். ஆனா காசிமேட்டு விசைப்படகுக்கும் சரி, அமெரிக்காவுல ஏரியில ஆளைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவாங்களே அந்த ஸ்கீ படகுக்கும் சரி, இன்ஜின் உள்ளேதான். அங்க ஷாஃப்ட் ஒரு அங்குலம் தடிமன் இருக்கும், இங்க அதைவிட ரொம்பப் பெருசு. மத்தபடி ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி.

இதுக்கு மனுஷன் கண்டுபிடிச்ச வழி ரொம்பப் பழசு. ஷாஃப்டைச் சுத்தி ஒரு பித்தளைக் குடுவை. அதுக்குள்ள எண்ணெயும் மெழுகும் ஏத்தின சதுரக் கயிறை வளையம் வளையமா வச்சு, மேலே ஒரு மூடியைப் போட்டு நட்டு வச்சு இறுக்கணும். கயிறு நசுங்கி ஷாஃப்டைக் கட்டிப் பிடிச்சுக்கும். குடுவைக்கு ஸ்டஃபிங் பாக்ஸ்னு பேரு. கயிறை எங்க கம்பெனியிலயும் சரி, ஹார்டுவேர் கடையிலயும் சரி, கிளாண்ட் கயிறுன்னு கேட்டா குடுப்பாங்க. பழைய கிணத்து பம்பு செட்டுலயும் இதேதான். மோட்டார் ஓடும்போது ஷாஃப்ட் கிட்ட டொக் டொக்னு தண்ணி சொட்டிக்கிட்டு இருக்குமே, அது பழுதுன்னுதான் நாம நினைச்சிருப்போம். பழுதே இல்லைங்க. சொட்டுற அந்தத் தண்ணிதான் கயிறுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல எண்ணெய் மாதிரி வேலை செய்யுது, சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. சொட்டு நின்னா கயிறு கருகும், கருகின கயிறு கல்லு மாதிரி ஆகி ஷாஃப்டையே அறுக்கும்.

கப்பல்காரங்களுக்கு இது ஆரம்பத்துலருந்தே இருக்கற தொல்லை. ப்ரொபெல்லர் வச்ச பெரிய இரும்புக் கப்பலான கிரேட் பிரிட்டன் 1843-ல தண்ணியில இறங்கிச்சு. அதுக்குப் பிறகு வந்த நிறைய கப்பல்கள்ல ஷாஃப்ட் வெளியே போற இடத்துல இருந்த பித்தளை பேரிங் சீக்கிரமே தேய்ஞ்சு, தண்ணி உள்ளே வர ஆரம்பிச்சுது. 1854-ல ஜான் பென்ங்கற இங்கிலாந்து இன்ஜினியர் அதுக்கு ஒரு மரத்தைப் போட்டார். லிக்னம் விட்டே. கரீபியன் பக்கத்து மரம், தண்ணியில போட்டா முழுகிடும், அவ்வளவு கனம். அதுக்குள்ளயே பிசின் இருக்கு, தண்ணி பட்டா வழுக்கும். உலோகம் தோத்த இடத்துல ஒரு கட்டை ஜெயிச்சுது. இப்ப படகுகள்ல அந்த இடத்துல பெரும்பாலும் ரப்பர் புஷ். அதுக்கும் மசகு கடல் தண்ணிதான்.

ஷாஃப்ட் வழியா வர்ற தண்ணி என்ன பண்ணும்னு தெரியணும்னா, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பல் கதையைப் படிக்கணும். 1941 டிசம்பர் 10, மலாயாவுல குவாந்தானுக்கு அப்பால் ஜப்பான் விமானங்கள் போட்ட டார்பிடோ ஒண்ணு, ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கற இடத்துக்குக் கிட்ட வெடிச்சுது. தாங்கல் போன ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருந்ததுல, அது கடந்து போற தடுப்புச் சுவர்களோட அடைப்பெல்லாம் கிழிஞ்சுபோச்சு. அந்த வழியா தண்ணி இன்ஜின் அறை வரைக்கும் போச்சு. இன்னும் சில டார்பிடோ பட்டு அன்னிக்கே கப்பல் முழுகிடுச்சு. அவ்வளவு பெரிய கப்பலுக்கே அந்த கதின்னா, அம்பது சொச்சம் அடி மரப்படகு எம்மாத்திரம்.

சரி, மாமா கதைக்கு வர்றேன்.

2018 ஜனவரி. எட்டு பேர் கடல்ல, கிளம்பி மூணாம் நாள் ராத்திரி. தண்ணி இறைக்கற பம்பு நின்னு போனது யாருக்கும் தெரியல. இன்ஜினோட ஃப்ளைவீல் தண்ணியை வாரி அறை முழுக்க அடிக்க ஆரம்பிச்சப்பதான் முழிச்சிருக்காங்க. அப்புறம் வாளி, அலுமினிய அன்னக்கூடை, கையில கிடைச்சதையெல்லாம் வச்சு விடிய விடிய இறைச்சுக்கிட்டே கரைக்கு வந்து சேர்ந்தாங்க. மாமா அப்ப கரையிலதான் இருந்தார், ஆனா படகுல போனதுல ஒருத்தன் அவரோட மூத்த பையன். அன்னியிலருந்து மாமாவுக்குத் தூக்கம் போச்சு. சொட்டுச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துடுவார்னு அத்தை சொல்லும்.

அதுக்கப்புறம் மூணு மாசம் நடந்தது ஒரே வைத்தியம்தான். ஒழுகினா நட்டை இறுக்கறது. ரெண்டு நாள் நிக்கும், திரும்ப ஒழுகும், திரும்ப இறுக்கறது. இதுக்கு நடுவுல ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்துட்டு, "ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, புதுசுதான் போடணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் சொன்ன தொகைக்கு அத்தையோட வளையலும் செயினும் அடகுக்குப் போகணும். அம்மா எனக்குப் போன் பண்ணி, "நீ பம்பெல்லாம் பாக்கறவன்தானேடா, ஒரு எட்டு போய்ப் பாரேன்"னுச்சு.

ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிச்சு வளர்றதுக்கு விடற லீவு. படகுக்கும் அதுதான் ஆஸ்பத்திரி சீசன். கரை ஏத்தி, பாசி சுரண்டி, பலகை மாத்தி, பெயின்ட் அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சுன்னு காசிமேடே ஒரு பெரிய பட்டறையா மாறிடும். எல்லா ஞாயித்துக்கிழமையும் காட்டாங்குளத்தூர்ல பீச் ரயிலைப் பிடிச்சு, அங்கேருந்து ஷேர் ஆட்டோவுல போனேன்.

படகுல பழைய டிரைவர் ஒருத்தர் உண்டு, அறுபது தாண்டியாச்சு, எல்லாருக்கும் பெரியவர். அவரும் நானும் சேர்ந்து ஸ்டஃபிங் பாக்ஸைப் பிரிச்சோம். உள்ளேருந்து கயிறு வரல, கரி வந்துச்சு! புதுக் கயிறு போட்டவங்க யாரும் பழசை முழுசா எடுக்கல. அடியில ரெண்டு வளையம் கெட்டிப்பட்டுக் கிடக்க, அதுக்கு மேல புதுசை வச்சு அமுக்கியிருக்காங்க. ஒயின் பாட்டில் கார்க் எடுக்கற மாதிரி முறுக்குக் கம்பி ஒண்ணு இருக்கு, அதை வச்சுத்தான் தோண்டி எடுக்கணும். அரை நாள் ஆச்சு.

அடுத்து ஷாஃப்டைக் கழட்டி லேத்துல போட்டு டயல் கேஜ் வச்சுச் சுத்திப் பார்த்தோம். முள்ளு அசையவே மாட்டேங்குது. ஷாஃப்ட் நேராத்தான் இருக்கு! கயிறு உரசின இடத்துல மட்டும் லேசா ஒரு பள்ளம். அதுக்காகப் புது ஷாஃப்ட் வேணாம். குடுவையோட அடியில ஒரு பித்தளை வளையத்தைப் போட்டுட்டா கயிறெல்லாம் கொஞ்சம் தள்ளி, தேயாத இடத்துல உக்காந்துக்கும். பள்ளம் ஆழமா இருந்தாத்தான் வெல்டிங் வச்சுக் கடையறது, புது ஷாஃப்ட் வாங்கறது எல்லாம்.

அப்போ எதனால ஒழுகுச்சு? பெரியவர்தான் இன்ஜின் உக்காந்திருக்கற கட்டையைத் தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இது எறங்கியிருக்கு"ன்னார். போல்ட் தளர்ந்து, கட்டை அமுங்கி, இன்ஜின் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. இன்ஜின் பக்கத்துக் கப்ளிங்கும் ஷாஃப்ட் பக்கத்துக் கப்ளிங்கும் முகத்தோட முகம் சமமா பொருந்தணும். கப்ளிங் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்துல ஒரு அங்குலம் வித்தியாசம் இருக்கலாம்னு பொதுவா ஒரு கணக்கு. ஆறு அங்குலக் கப்ளிங்னா சுமார் 0.15 மில்லிமீட்டர். தலைமுடி ரெண்டு தடிமன்னு வச்சுக்கங்க. இங்க ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தா மேலேயும் கீழேயும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். கோணலா மாட்டின ஷாஃப்ட் சுத்தும்போது ஆடும். ஆடினா கயிறை ஒரு பக்கமா அரைச்சுத் தள்ளும், பின்னாடி இருக்கற ரப்பர் புஷ்ஷையும் தின்னுடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது.

இதுல இன்னொரு சூட்சுமம். கரையில வச்சுப் பொருத்தறது கடைசிப் பொருத்தம் ஆகாது. கட்டைங்க மேல நிக்கற படகோட உடம்பு வேற, தண்ணி தாங்கற உடம்பு வேற. மரம் ஊறினா உப்பும். அதனால கரையில ஓரளவு சரி பண்ணிட்டு, படகைத் தண்ணியில இறக்கி நாலஞ்சு நாள் விட்டு, மறுபடி கப்ளிங்கைக் கழட்டி அளந்து, இன்ஜின் கால்ல தகடு வச்சுச் சரி பண்ணினோம். கயிறும் அப்படியே: ஷாஃப்ட் தடிமன்ல ஒரு பைப்புல சுத்தி அளவா வெட்டணும், வெட்டு முகம் 45 டிகிரி சாய்வா இருக்கணும், ஒரு வளையத்தோட இணைப்புக்கு நேரா அடுத்ததோட இணைப்பு வரக்கூடாது. கிரீஸ் தடவி ஒவ்வொண்ணா அமுக்கி, நட்டைக் கையால மட்டும் இறுக்கிட்டு இன்ஜினை ஓட விடணும். முதல்ல நல்லாவே ஒழுகும், பயப்படக்கூடாது. ரெண்டு பக்க நட்டையும் சமமா, கால் திருப்பு அரைத் திருப்பா இறுக்கிக்கிட்டே வரணும். கை வச்சுப் பார்த்தா குடுவை சில்லுனு, மிஞ்சிப் போனா வெதுவெதுன்னு இருக்கணும். சுட்டா தளர்த்தணும்.

கடைசியில நிமிஷத்துக்குப் பத்துச் சொட்டுன்னு வந்து நின்னுது. இன்ஜினை நிறுத்தினா அதுவும் அநேகமா நின்னுடுச்சு. எனக்குப் பரம திருப்தி. மாமா மட்டும் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார்.

"இன்னும் சொட்டுதேடா."

"சொட்டணும் மாமா."

"எல்லா நகையையும் அடகு வச்சாவது சொட்டாத மாதிரி பண்ணிடலாம்டா."

சொட்டாத சீல்களும் இருக்கத்தான் இருக்கு, வெளிநாட்டுப் படகுகள்ல சாதாரணமாப் போடறாங்க. ஆனா நடுக்கடல்ல அது போச்சுன்னா அங்கேயே சரி பண்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. கயிறுன்னா ஒரு ஸ்பேனர் போதும். அதைச் சொன்னேன், மாமா காதுல ஏறல. தாள்ல கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிஷத்துக்குப் பத்துன்னா ஒரு நாளைக்கு 14,400 சொட்டு, அதாவது 720 மில்லி. ஒரு தண்ணி பாட்டில்கூட நிறையாது மாமா, ஒரு நாள் பூரா ஓடினா! தலையை ஆட்டினார். மறுநாள் காலையில போய்ப் பார்த்தா நட்டு அரைத் திருப்பு இறுகியிருக்கு. ராத்திரி ஒத்தையில போய் இறுக்கிட்டு வந்திருக்கார்.

நான் கத்தப் போனேன். பெரியவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். நட்டைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினார். சிவப்பு பெயின்ட் எடுத்து நட்டு மேலயும் மூடி மேலயும் சேர்த்து ஒரு கோடு போட்டார். அப்புறம் மாமாவைப் பக்கத்துல உக்கார வச்சு, அவர் கையை எடுத்துக் குடுவை மேல வச்சார். இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு.

"சில்லுனு இருக்குதா? இந்தச் சில்லுதான் உன் புள்ள. கோடு நகராத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. நகந்துச்சுன்னா நான் கெளம்ப மாட்டேன்."

மாமா ரொம்ப நேரம் கையை எடுக்கல.

தடை முடிஞ்சு படகு கிளம்பிச்சு. அத்தை வளையல் அத்தை கையிலயே இருந்துச்சு. இறைக்கற பம்பு ஒண்ணுக்கு ரெண்டா போட்டு, தண்ணி ஏறினா கத்தற மாதிரி ஒரு மிதவை அலாரமும் மாட்டியிருந்தோம். அதுக்கு மாமா கேட்ட காசை நானே குடுத்துட்டேன், அவர் தூக்கத்துக்கு அது மலிவு. ஆறாம் நாள் படகு திரும்பினப்போ, கூடை இறக்கறதுக்கு முன்னாடி மாமா உள்ளே இறங்கிக் கோட்டைத்தான் பார்த்தாராம். அத்தை போன்ல சொல்லிச் சிரிச்சுச்சு.

உங்க வீட்டுக் கிணத்துல பழைய பம்பு இருந்தா இன்னிக்கு ஓட விட்டுப் பக்கத்துல போய்ப் பாருங்க. சொட்டு சொட்டா விழுந்தா சும்மா விட்டுடுங்க. தாரையா ஊத்தினா ரெண்டு நட்டையும் சமமா கால் திருப்பு. ஒண்ணுமே விழலையா? முதல்ல மோட்டாரை நிறுத்துங்க, அப்புறம் மத்ததைப் பேசிக்கலாம்.