நீருக்குள் போன முகவரி

அன்புள்ள அக்கா,

‘ஸ்டில் லைஃப்’ படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். யாரோ யாரையோ தேடுகிறார்கள், சுவர்களை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள், வேறொன்றும் நடக்கவில்லை என்று. இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. இன்றைய சீனாவைத் திரையில் பார்க்க இதன் இயக்குநர் ஜியா ஜாங்கேயிடம்தான் போக வேண்டும் என்று நம்புகிறவன் நான். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் படம்தான்.

தொடக்கத்தை நினைத்துப் பார். ஷான்ஸி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் சான்மிங், 16 வருடங்களுக்கு முன் பிரிந்துபோன மனைவியைத் தேடி யாங்ட்ஸி ஆற்றங்கரையிலுள்ள ஃபெங்ஜியேவுக்கு வருகிறான். கையில் ஒரு முகவரி. மோட்டார் சைக்கிள்காரன் காசு பேசி ஏற்றிக்கொண்டு போய் ஆற்றைக் காட்டுகிறான். அந்தத் தெரு தண்ணீருக்கடியில் இருக்கிறது. அந்த ஆற்றில் கட்டிய த்ரீ கார்ஜஸ் அணைக்காகப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்ததை நாமும் செய்தியில் படித்திருக்கிறோம். தேடி வந்தவன் கையில் முகவரி மட்டும் மிஞ்சுவது எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியவர் ஜியாதான்.

நீ பார்த்த இடிப்பு எதுவும் செட் இல்லை அக்கா. லியு ஷியாவ்தாங் என்ற ஓவியர் இடிப்புத் தொழிலாளர்களை வரைவதை ஆவணப்படமாக எடுக்கத்தான் ஜியா அங்கே போனார். இரண்டாயிரம் வருடத்து ஊர் கண்ணெதிரே தரைமட்டமாவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே இந்தக் கதையையும் எடுத்தார். சான்மிங்காக வருபவர் அவருடைய உறவினர், நிஜத்திலும் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். இடிப்பு வேலையில் சேர்ந்து சம்மட்டி தூக்கும் அந்தத் தோள்களை எந்த நடிகராலும் கொண்டுவர முடியாது. 2006இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் எனக்கு மிகப் பிடித்த காட்சி வருகிறது. பாதி இடிந்த கட்டடத்தில் சான்மிங்கும் ஒருவழியாகக் கண்டுபிடித்த மனைவியும் குந்தி உட்கார்ந்து ஒரு ‘ஒயிட் ராபிட்’ மிட்டாயைப் பாதியாகக் கடித்துப் பகிர்கிறார்கள். சுவரின் ஓட்டை வழியே, தூரத்தில் ஒரு கட்டடம் அப்படியே சரிந்து விழுகிறது. அவர்கள் ஒரு கணம் அதைப் பார்ப்பதோடு சரி. மனைவி வேறொருவனிடம் கடனுக்காக மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை மீட்க 30,000 யுவான் வேண்டும், அதைச் சம்பாதிக்கச் சான்மிங் உயிருக்கு உத்தரவாதமில்லாத அதே சுரங்கத்துக்குத் திரும்ப முடிவு செய்கிறான். கூட இடிப்பு வேலை பார்த்தவர்களும் அவனோடு கிளம்பத் துடிக்கிறார்கள். ஊர் போனால் அடுத்த வேலை எங்கே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. துக்கம் கொண்டாட அவகாசமில்லை.

நடுவே ஒரு கட்டடம் ராக்கெட் போல வானத்தில் கிளம்பிப் போகும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. அந்த வேகத்தில் ஊரே மறையும்போது, ஒரு கட்டடம் பறந்துபோவது எனக்கு நம்பும்படியாகவே இருந்தது.

இதைப் பார்த்து முடித்தால், 2024இல் வந்த ‘காட் பை த டைட்ஸ்’ பார். 2001 முதல் ஜியா எடுத்து வைத்திருந்த காட்சிகளோடு புதிதாக எடுத்தவற்றையும் சேர்த்துக் கோத்த படம். நடிகை ஜாவோ தாவோ கிட்டத்தட்ட ஒரு வார்த்தையும் பேசாமல் இளமையிலிருந்து நடுவயதுக்கு வருகிறார், கூடவே நாடும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ‘ஸ்டில் லைஃப்’ படத்திலும் ஜாவோ தாவோ உண்டு, இரண்டு வருடமாகத் தகவலே இல்லாத கணவனைத் தேடி வரும் நர்ஸாக. அணை பின்னால் தெரிய, தனக்கு வேறொருவர் மேல் காதல் என்று சொல்லி விவாகரத்து கேட்கிறாள். அவள் பொய் சொல்கிறாள் என்றே நான் நினைக்கிறேன். பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
தம்பி