ஊரைவிட்டுப் போகாத கால்கள்

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய கும்பர்வாடாவுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது சூளைப் புகை. வாசல்தோறும் காயும் பானைகள். தீபாவளி நெருங்கினால் குவியல் குவியலாய் அகல் விளக்குகள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் தெரு இது. சற்றுத் தள்ளி, தோல் பதனிடும் வேலைக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்த திருநெல்வேலிக்காரர்களின் வாரிசுகள். இவர்களின் சொந்தச் சீமையில் பானைக்கு இன்னொரு வேலையும் இருந்தது: செத்தவர்களுக்கு வீடாக இருப்பது.

தாமிரபரணிக் கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் இடுகாடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு வந்த அலெக்சாண்டர் ரீ தங்கப் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று அள்ளினார். 2004இல் தொடங்கிய அகழாய்வில் 150க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. அங்கே எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905 வரை போகிறது. 2023 முதல், குழிக்கு மேலே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் குயவனிடம் கேட்பது ஒன்றுதான்: எனக்கும் இடமிருக்கும்படி தாழியைப் பெரிதாகச் செய்.

இவ்வளவு தூரம் போக முடியாத மும்பைவாசிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. புணே மாவட்டத்தில், கோட் நதிக்கரையில் இனாம்காவ். 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரி தோண்டிய கிராமம். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் இடுகாடு தேடவில்லை. குழந்தை இறந்தால் இரண்டு பானைகளை வாயோடு வாய் வைத்து, வீட்டுத் தரைக்குள்ளேயே புதைத்தார்கள். பெரியவர்களைக் குழியில் கிடத்தினார்கள், கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டிவிட்டு. ஆவி எழுந்து நடந்துவிடக் கூடாது என்பதற்காக என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு. ஐந்து அறை வீட்டின் முற்றத்தில், நான்கு கால் கொண்ட மண்சாடிக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அவருக்குப் பாதங்கள் இருந்தன. ஊர்த் தலைவராக இருக்கலாம்.

ஆதிச்சநல்லூர்க்காரர்கள் செத்தவருக்குத் தனி மேடு ஒதுக்கினார்கள். இனாம்காவ்காரர்கள் வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். முறைதான் வேறு, எங்கே வாழ்ந்தார்களோ அங்கேதான் முடிவு என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

அந்த நிச்சயம் இன்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இல்லை. சாவு விழுந்ததும் ஆரம்பிக்கிறது பேச்சு: ஊருக்குக் கொண்டு போவதா, இங்கேயே முடிப்பதா? பெரியவர்களுக்குக் குலதெய்வம் இருக்கும் ஊர் முக்கியம். மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்கோ, நினைத்தால் போய் நிற்க ஓர் இடம் பக்கத்திலேயே வேண்டும். இங்கேயே என்று ஒரு குடும்பம் தீர்மானிக்கிறபோதுதான், பிழைக்க வந்த இடம் சொந்த ஊராகிறது. ரேஷன் கார்டு அதைச் செய்வதில்லை.