ஃப்யூஸ் பொய் சொல்லாது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். ஜி.பி. ரோடு என்றால்தான் தெரியும். சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர் என்று காரில் எதை மாற்ற நினைத்தாலும் ஊர்க்காரர்கள் அங்கேதான் போவார்கள். பொருள் கடைக்குள்ளே, வேலை தெருவோரத்திலே. அங்கே ஒரு சந்தில், எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். காசெட் காலத்திலிருந்து அவருக்கு இதே தொழில். எடுபிடிக்கு ஒரு பையன்.

வந்து நின்றது வெள்ளை மாருதி 800. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கையில் புது செட், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘50 வாட்ஸ் x 4’.

பாய் பெட்டியைப் படிக்கவேயில்லை. செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். “டப்பாவை விடுங்க சார், இந்த ஃப்யூஸைப் பாருங்க. எவ்ளோ போட்டிருக்கு?”

10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 140 வாட்ஸ். உள்ளே போவதே 140 என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 15, 20 வாட்ஸ் கிடைத்தாலே பெரிய விஷயம். அட்டையில் இருப்பது ஒரு நொடிகூட நிலைக்காத உச்சக் கணக்கு. ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் போட்டு டூ-இன்-ஒன் விற்ற தேசம்தானே நாம்.

ஆனாலும் அந்தப் புது செட் பழைய டேஷ்போர்டில் சிக்கென்று உட்கார்ந்தது. சிங்கிள் டின் என்கிற அளவு ஜெர்மன்காரர்கள் வகுத்தது. 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். காசெட் போய் சிடி வந்தது, சிடி போய் ப்ளூடூத் வந்தது. பொந்து மாறவில்லை. ஜி.பி. ரோட்டின் பாதிப் பிழைப்பு அந்தப் பொந்தில்தான் இருந்திருக்கிறது என்று சொல்வேன்.

செட் மாட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால், இதுவரை இந்த வண்டியில் கைவைத்தவர்கள் செய்ததையெல்லாம் அவிழ்க்க வேண்டும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து பாய் இழுத்துப் போட்டது ஒரு கொத்து வயர், எல்லாம் ஒரே சிவப்பு. முறைப்படி மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் வயர், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். முன்பக்க ஸ்பீக்கருக்கு வெள்ளையும் சாம்பலும், பின்னால் பச்சையும் ஊதாவும். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இந்த வண்டியிலோ ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒரு வயர்தான் போயிருந்தது. மைனஸை அங்கேயே பாடியில் திருகி விட்டிருந்தார்கள்.

“அந்தக் காலத்து டெக்குக்கு இது ஓடும். இப்ப இருக்கிற செட்டுக்கு இப்படிக் குடுத்தா ஐ.சி. அவுட்” என்று ஒரு டப்பாவைத் தட்டினார். உள்ளே செத்துப்போன ஐ.சி.க்கள். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஆம்ப் தள்ளுகிறது. ஒரு முனை பாடியைத் தொட்டாலும் அது ஷார்ட்தான். ஆக, கதவு வரைக்கும் புது வயர். பையன் கீல் பக்கத்து ரப்பர் குழாய் வழியாக அதை நுழைத்த நேரத்தில் நான் இரண்டு டீ குடித்து முடித்திருந்தேன்.

பழைய ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் அடையாளம் அழிந்திருந்தது. சுவர்க் கடிகார பேட்டரி ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் தொட்டுக் காட்டினார் பாய். கோன் வெளியே குதித்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் காணாமல் போகும். பேஸ் இல்லையென்று சப்-ஊஃபர் வாங்க வந்தவர்களில் சிலருக்கு வயரை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாராம். கடைக்காரருக்கு அதில் வருத்தம்தான்.

கதவு பேடைக் கழற்றியதும் தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரின் முதுகுப்பக்கச் சத்தம் அது வழியே வெளியே வந்து முன்பக்கச் சத்தத்தைத் தின்னும். பியூட்டைல் ஷீட்டை வெட்டி, பையன் ஒவ்வொன்றாக அடைத்து உருளையால் அழுத்தினான். தட்டிப் பார்த்தேன். டங் என்ற தகரம் தொப் என்றது. பழைய வண்டிக்குச் செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் என்றால், அதைச் செட்டில் போடாமல் இதில் போடலாம்.

சோதிக்க, குத்துப் பாட்டு வைப்பார் என்று நினைத்தேன். எஃப்.எம்.மில் பேச்சு வரும் இடமாகத் தேடினார். “பேச்சு தெளிவா வந்தா பாட்டு தன்னால வரும் சார். அடி மட்டும் கேட்டா ஏமாந்துருவோம்.” இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஒரு கீச்சொலி கேட்டது. எர்த்தை வேறு இடத்தில், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் திருகியதும் நின்றது. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டர் வைத்தார். 50 மில்லிஆம்பியருக்குக் கீழே. “இதைப் பாக்காம அனுப்பினா, காலைல தள்ளி ஸ்டார்ட் பண்ணணும்.”

பெரியவர் கழற்றிய காசெட் டெக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே அடுத்த வண்டி வந்து நின்றது. புதுசு. டேஷ்போர்டின் நடுவில் பெரிய திரை, ஏ.சி.யும் ரிவர்ஸ் கேமராவும் அதற்குள்ளேயே. இளைஞர் இறங்கி, வேறு செட் போட முடியுமா என்றார். பாய் கண்ணாடி வழியாகவே எட்டிப் பார்த்தார்.

“இதுல பொந்தே இல்லையே தம்பி. செட்டைத் தொட்டா ஏ.சி.யும் போயிரும். கதவுல ஸ்பீக்கர் மாத்தணும்னா சொல்லு, பண்ணலாம்.”

இளைஞர் ஸ்பீக்கர் விலை கேட்கக் கடைக்குள் போனார்.