குவாடலூப்பே மலையில் உப்பும் தண்ணீரும்



'வனாந்தரம்' என்ற வார்த்தையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர்கள் நம் சபையில் எத்தனை பேர்? போன அக்டோபரில் வாலிபர் ஐக்கியத்திலிருந்து நான்கு பேரை நானும் என் கணவரும் மேற்கு டெக்சாஸிலுள்ள குவாடலூப்பே மலைகள் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். டாலஸிலிருந்து காரில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். முள்ளும் புதருமாய் நீண்டுகொண்டே போகிற சமவெளியின் முடிவில், எல் கேப்பிட்டன் என்ற செங்குத்துப் பாறை திடீரென்று எழுந்து நிற்கும். அந்த மலை முழுவதும் ஒரு காலத்தில் கடலுக்கடியில் வளர்ந்த திட்டு. கடற்பஞ்சும் பாசியும் இன்றைக்கும் அந்தப் பாறைகளில் கல்லாகிக் கிடக்கின்றன. ஆனால் மேலே குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மலையில் தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நெருப்பு மூட்டவே கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் கணக்கு. இரண்டு நாளுக்குத் தண்ணீர் மட்டுமே ஏழரைக் கிலோ, அதை முதுகில்தான் சுமக்க வேண்டும். கழிப்பறையும் கிடையாது. தள்ளிப் போய்க் குழி தோண்டி மூட வேண்டும், காகிதத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். தங்கைகள் முகம் சுளித்தார்கள். உபாகமம் 23-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். பாளயத்துக்கு வெளியே போகிறவன் மண்ணைத் தோண்ட ஒரு கோல் வைத்திருக்க வேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. ஒரே சிரிப்பு.

குவாடலூப்பே சிகரம் 8,751 அடி. டெக்சாஸில் அதைவிட உயரம் வேறில்லை. உச்சிக்கு ஒரு மைல் கீழே கூடாரம் போடும் இடம். அடிவாரத்திலிருந்து அதுவரை மூன்று மைல்தான் என்றாலும் முதல் ஒன்றரை மைல் மூச்சை வாங்கிவிடும்.

கூடாரம் அடிக்கும்போதுதான் கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் தலைவலி என்று உட்கார்ந்தான். இரண்டு முறை வாந்தி. "வெயில்தான், தண்ணி குடிடா" என்று ஆளாளுக்குப் பாட்டிலை நீட்டினார்கள். தடுத்தேன். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. வழியில் மூன்று முறை ஒதுங்கியவன் அவன். உடம்பில் நீர் வற்றியவனுக்குச் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகும். இவனுக்கோ தண்ணீர் மாதிரியே போயிருக்கிறது.

"காலையிலிருந்து என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லக்கா. மலை மேல ஜெபிக்கணும்னு உபவாசம். தண்ணி மட்டும் நிறையக் குடிச்சேன்."

கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டபோது தலையாட்டியவன்! நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர். வியர்வையில் உப்பு போய், குடித்த தண்ணீரால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். இதற்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் மூளை வீங்கலாம், வலிப்பு வரலாம். வெயிலில் சோர்ந்தவனுக்குத் தண்ணீர் கொடு என்பது நல்ல பாடம்தான், எல்லாருக்கும் பொருந்தாது.

மூன்று சூப் க்யூபை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து மெதுவாகக் குடிக்க வைத்தேன். பிறகு எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு. வெறும் தண்ணீர் கிடையாது. இருட்டில், அந்தக் காற்றில், ஓரமெல்லாம் பள்ளமான பாதையில் அவனை இறக்குவது அதைவிட ஆபத்து என்று தோன்றியது. பேச்சு குழறினால் உடனே சாட்டிலைட் கருவியில் உதவி கேட்பது என்று நானும் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

மணிக்கொரு தடவை எழுப்பி 23-ஆம் சங்கீதம் சொல்லச் சொன்னேன். வார்டில் பெயர், தேதி, இடம் கேட்போம், இவனுக்குச் சங்கீதம். காற்று கூடாரத்தைப் பிய்த்துவிடும்போல அடிக்கும், உள்ளே இவன் தூக்கக் கலக்கத்தில் வசனம் சொல்வான், நான் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணுவேன். ஒன்பது மணிக்கு நடுவில் ஒரு வசனத்தை விட்டுவிட்டான். வயிற்றைப் பிசைந்தது. மறுபடி சொல்லச் சொன்னதும் சரியாகச் சொன்னான். பன்னிரண்டு மணிக்கு, "அக்கா, ஞாயிறு பள்ளியில கூட இத்தனை தடவை சொன்னதில்ல" என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

விடியற்காலையில் என் கணவர் மற்ற மூவரையும் உச்சிக்கு அழைத்துப்போனார். 1958-இல் அங்கே வைத்த எஃகுக் கூம்பை நான் அவர்கள் படத்தில்தான் பார்த்தேன். நாங்கள் இருவரும் மெதுவாக இறங்கினோம். வழியெல்லாம் எலியாவைப் பற்றி வாதம். "அவர் நாப்பது நாள் நடந்தாரேக்கா?" நடந்தார்தான், ஆனால் சூரைச்செடியின் கீழ் தூதன் இரண்டு தடவை எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்த பிறகுதானே நடந்தார்? 1 இராஜாக்கள் 19-ஐ நிதானமாக வாசிக்கச் சொன்னேன். உபவாசத்துக்கு நான் விரோதி அல்ல. வீட்டில் இருந்து செய்யலாம், எட்டாயிரம் அடி ஏறும் நாளில் வேண்டாம். சர்க்கரை வியாதிக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறவர்கள், எந்த நாளானாலும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கீழே வந்து போனில் சிக்னல் கிடைத்ததும் அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்போ சாப்பிட்டானா?" என்றார். சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். வரும் அக்டோபருக்கு முதல் பெயர் அவனுடையது. முறுக்கு தன் பொறுப்பு என்று அம்மா சொல்லியிருக்கிறார்.