அடைத்துக்கொண்ட ஹீட்டர் கோர்

பிக்கப் டிரக்கின் ஹீட்டர் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சின் வேண்டாமென்று தள்ளும் வெப்பத்தில் கொஞ்சத்தை வாங்கி, உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறது. எஞ்சினில் சூடேறிய கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டருக்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். அந்தச் சிறிய ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். அதன் மேல் விசிறி ஊதும் காற்றே சூடாகி உள்ளே வருகிறது.

கனடாவின் மேனிடோபா, சஸ்காச்சுவான் சமவெளிகளில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது யாரும் வியக்கிற செய்தி அல்ல. அங்கே ஹீட்டரைச் சொகுசுக் கணக்கில் சேர்க்க முடியாது. உள்ளே இருப்பவர் விடும் மூச்சே முன்கண்ணாடியில் உறைந்து படியும். சூடான காற்று இல்லாவிட்டால் சாலை மறைந்துவிடும்.

கோரின் உட்குழல்கள் தட்டையானவை, மிகக் குறுகலானவை. துரு, அலுமினியம் அரித்த பொடி, கடின நீரின் உப்பு எல்லாம் பெரிய ரேடியேட்டரைத் தாண்டிவிட்டாலும் இங்கே வந்து தங்கும். கசிவை அடைக்க ஊற்றும் பொடிக்கு ஓட்டையும் குறுகிய குழலும் ஒன்றுதான், இரண்டையும் அடைக்கும். ஒத்துவராத இரண்டு வகைக் கூலன்ட் கலந்தால் சேறுபோல் திரள்வதும் உண்டு. நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று பலர் நம்புகிறார்கள். நிறம் வெறும் சாயம்தான். பார்க்க வேண்டியது வண்டியின் கையேட்டில் உள்ள குறிப்பு.

குளிர்காற்று வந்தாலே கோர் அடைத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும்போது, எஞ்சின் அறைக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலுக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரண்டும் கொதிக்கின்றன, காற்று மட்டும் குளிர்கிறது என்றால் உள்ளே சூடான, குளிர்ந்த காற்றைக் கலக்கும் கதவில் கோளாறு. இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றிருக்கலாம். ஒன்று சுட்டு, மற்றது ஆறிக் கிடந்தால்தான் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கோருக்குப் போகும் வழியில் வால்வு உள்ள வண்டியில் முதலில் அதையும் பார்த்துவிட வேண்டும். ஓட்டுநர் பக்கம் ஒரு சூடு, அடுத்த இருக்கைப் பக்கம் இன்னொரு சூடு என்பது அரைகுறை அடைப்பின் அடையாளமாக இருப்பதுண்டு. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் இனிப்பு வாசனையும் இருந்தால் கோர் ஒழுகுகிறது. கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதென்றால் பல டிரக்குகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், ஒரு நாள் வேலை. அதனால்தான் முதலில் கழுவிப் பார்க்கிறார்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கூலன்ட் மூடியைத் திறக்க வேண்டும். இறுகிப்போன ஹோஸைப் பிடித்து இழுக்கக் கூடாது. கோரின் குழாய் மெல்லியது, வளைந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புதிது போடுவதே மலிவு. பிறகு கூலன்ட் வழக்கமாக வெளியேறும் வாயில் தண்ணீரைச் செலுத்தி, நுழையும் வாய் வழியாக வெளியே விட வேண்டும். வந்த வழியில் இறுகிய கசடு, எதிர்த் திசையில் தள்ளினால்தான் எளிதில் பெயரும். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறப்பது ஆபத்து. கூலன்ட் ஓட்டத்தின் அழுத்தம் பொதுவாக 15 பிஎஸ்ஐ அளவில்தான். வீட்டுக் குழாயின் அழுத்தம் அதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டலாம். மெதுவாகத் திறந்து, திசையை மாற்றி மாற்றி, தெளிந்த நீர் வரும்வரை விட வேண்டும். அந்தக் கனடியச் சமவெளி ஊர்களில் வெளிக்குழாயைப் பனிக்காலத்துக்கு முன்பே மூடிவிடுவதால், இலையுதிர் காலத்திலேயே இதை முடிப்பவர்கள் பிழைத்தார்கள்.

நீர் மட்டும் போதாதபோது கூலிங் சிஸ்டத்துக்கென்று விற்கும் மிதமான கரைசலைக் கொஞ்ச நேரம் ஊறவிடலாம். சாக்கடை அடைப்பு நீக்கும் காரத்தை ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

கழுவிய நீர் உள்ளே தங்கினால் புதிய கூலன்டின் வலுவைக் குறைக்கும். அதைக் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி என்றால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. 60 சதவீதம் கிளைக்கால் என்றால் மைனஸ் 50ஐ ஒட்டித் தாங்கும். அதற்காக நீரே சேர்க்காமல் ஊற்றுவது தவறு: தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். நிரப்பியபின் வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்க, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால் சிக்கிய காற்று வெளியேறும். ஆறியதும் மட்டம் இறங்கியிருக்கும். மீண்டும் நிரப்ப வேண்டும். வடித்த கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். மூடிய கேனில் சேர்த்து, கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

சில வாரங்களில் காற்று மறுபடி குளிர்ந்தால், கசடு கோரில் பிறப்பதில்லை என்பதை நினைக்க வேண்டும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் கழுவாமல் கோரை மட்டும் இன்னொரு முறை கழுவுவது வீண்வேலை.